சாய்வெளிச்சம்

சனிக்கிழமை பகல் முழுக்கத் தூங்கி எழுந்தாலும், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் திங்கட்கிழமை வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உடம்பு ஆறியிருக்கும், தலை ஆறியிருக்காது. மூட்டை தூக்கியவரின் களைப்பு ஒரு ராத்திரித் தூக்கத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். மென்பொருள் வேலையின் களைப்பு அப்படி இறங்குவதில்லை. ஒரு வேலை பாதியில் நிற்க இன்னொன்றுக்குத் தாவி, அதுவும் பாதியில் நிற்கையில் அவசரத்துக்குக் கூப்பிடும் ஆன்-கால் அழைப்பு வந்து எழுந்துபோய், திரும்பி வந்து முதல் வேலை எந்த இடத்தில் நின்றது என்று தேடுகிற களைப்பு அது. அமெரிக்க நேரத்துக்குக் கண் விழித்தவருக்கு முதல் மருந்து தூக்கம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தூங்கி எழுந்த பிறகும் மிச்சமிருக்கிற களைப்பை ஆற்ற நாம் கைபேசியை எடுத்து ரீல்ஸ் பார்க்கிறோம். வாரம் முழுக்கச் செய்த அதே தாவலை, சம்பளம் இல்லாமல் இன்னொரு தடவை செய்கிறோம்.

அந்த மிச்சக் களைப்புக்கு வேண்டியது சும்மா இருப்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வேண்டியது ஒரே பொருளின் மேல் இரண்டு மணி நேரம் கண்ணை நிறுத்துகிற வேலை. அதற்குத் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கையும் காலும் கொஞ்சம் அசைய வேண்டும். முடித்தது வேறு யாருக்காவது பயன்பட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வாரமே சலித்துவிடும். சென்னையின் தெற்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வேலை ஒன்று வீட்டிலிருந்து அரைமணி தூரத்திலேயே இருக்கிறது: கோயில் சுவர்க் கல்வெட்டுகளின் இன்றைய நிலையைப் பதிந்துவைப்பது.

வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருவான்மியூர் மருந்தீஸ்வரர், திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், விமான நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் குன்றுகளுக்கு நடுவே திருச்சூலம், அப்படியே மேற்கே போனால் மணிமங்கலம், சோமங்கலம். பல்லாவரத்துக் குடைவரையில் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களே வெட்டப்பட்டிருக்கின்றன. ஷட்டில் வண்டியில் தூங்கிக்கொண்டே தினமும் கடந்துபோகிற ஊர்கள்தான் இவை எல்லாம். தகவல் தொழில்நுட்பம் வந்து உருவாக்கிய புறநகர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடங்களில், நிலத்தின் எல்லையும் ஏரியின் மதகும் விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கும் கல்லில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

இதெல்லாம் ஏற்கெனவே படித்து முடித்ததுதானே என்று கேட்கலாம். பெரும்பகுதி படித்ததுதான். 1886இல் ஹுல்ட்ஷ் அரசின் கல்வெட்டாய்வாளராக வந்தார், 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி அச்சானது. 1961இல் தமிழகத் தொல்லியல் துறை தொடங்கியது, 1970இல் அத்துறை ‘சென்னை மாநகர்க் கல்வெட்டுகள்’ நூலை வெளியிட்டது. அந்தத் தலைமுறை மாட்டுவண்டியிலும் ரயிலிலும் போய், கல்லில் தாளை ஒட்டி மையால் ஒற்றி எடுத்த மைப்படிகளின் மேல்தான் நமக்குத் தெரிந்த சோழர் வரலாற்றின் பெரும்பகுதி நிற்கிறது. ஆகவே புதிதாகக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற நினைப்போடு கிளம்ப வேண்டாம். நூலில் 12 வரி என்று இருந்தால், இன்று சுவரில் 12 வரியும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தன்னார்வலருக்கான வேலை. மேலே பெயின்ட் ஏறியிருக்கிறதா, கீழ் வரிகள் தரைக்கல்லுக்குள் போய்விட்டனவா, நடுவில் மின்கம்பி ஆணி அடித்திருக்கிறார்களா? பழைய பதிப்போடு புதிய நிலையை ஒப்பிட்டு வேறுபாட்டைக் குறிப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் தொல்லியல் துறையிடம் ஒவ்வொரு சுவருக்கும் ஆண்டுதோறும் ஆள் அனுப்ப ஆள்பலம் இல்லை.

ஒரு சுவர், நாலு பேர், இரண்டு மணி நேரம்

நாலு பேருக்கு மேல் போகக் கூடாது. ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் குறிப்பெழுத, ஒருவர் நூலை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட. ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு வந்துவிடும். எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான்: நல்ல எல்இடி டார்ச் இரண்டு, கறுப்புக் குடை அல்லது கறுப்புத் துணி, அளவு நாடா, இரண்டங்குல மென்மயிர் பெயின்ட் பிரஷ், உட்கார ஒரு பாய்த்துண்டு, தண்ணீர். பாய் முக்கியம். கல்வெட்டின் பாதி கணுக்கால் உயரத்தில்தான் இருக்கும். குனிந்தே படித்தால் முக்கால் மணியில் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வேலையின் உயிர் சாய்வெளிச்சத்தில் இருக்கிறது. சுவருக்கு நேர் எதிரே நின்று ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஓர் எழுத்தும் தெரியாது, வெறும் கல்தான் தெரியும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல, பத்துப் பாகை சாய்வில், பக்கவாட்டிலிருந்து பிடித்தால் வெட்டின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மொழுமொழுவென்று தெரிந்த கல்லில், கல்வெட்டின் தொடக்கச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ மேலெழும்பி வருவதைப் பார்க்கிற அந்த நொடியில் யாருமே பேசுவதில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. இடப்பக்கத்திலிருந்து பிடித்தால் செங்குத்துக் கோடுகள் தெரியும், படுக்கைக் கோடுகள் மறைந்துபோகும். மேலிருந்து பிடித்தால் இது தலைகீழாகும். எனவே ஒவ்வொரு பகுதியையும் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படம் எடுக்க வேண்டும். ஒரே படத்தை நம்பிப் படித்தால் ‘க’வும் ‘த’வும் குழம்பும்.

சூரியனையே டார்ச்சாகப் பயன்படுத்தலாம், அதற்கு நாள்காட்டி தெரிய வேண்டும். கிழக்குச் சுவரில் காலை வெயில் நேராக அடித்து எழுத்தை அழித்துவிடும், பதினொரு மணிக்கு மேல்தான் சாயும். சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்கிறது. வடக்குச் சுவருக்கு உச்சிவெயில் கிடைப்பது அந்த நாலு மாதத்தில்தான். தெற்குச் சுவருக்கு மார்ச் நடுப்பகல் அருமையான நேரம், மேலிருந்து வழிந்தாற்போல் வெளிச்சம் இறங்கும். சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு நடைசாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். அதனால்தான் குடை. வெயிலைக் குடையால் மறைத்துவிட்டு அந்த நிழலுக்குள் டார்ச் அடிப்பதே நடைமுறையில் உதவுகிறது.

படம் எடுக்கும் வரிசை இது: முதலில் கோபுரமோ விமானமோ தெரிய முழுச் சுவர், அடுத்து அளவு நாடா சேர்ந்த கல், அப்புறம் எழுத்து. ஒரே இடத்தில் நின்று கழுத்தைத் திருப்பி எடுத்தால் ஓரத்து எழுத்துகள் சாய்ந்துபோகும். சுவருக்கு இணையாக அடி அடியாக நகர்ந்து, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றிலொரு பங்கு வரும்படி எடுக்க வேண்டும். பின்னால் முப்பரிமாண மாதிரி செய்யும் எண்ணம் இருந்தால் இந்த மேற்பொருத்தம் 60 முதல் 80 விழுக்காடு வரை வேண்டும். கைபேசி தானாகவே படத்தைக் கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், முடிந்தால் கேமரா எதையும் திருத்தாத ரா வடிவத்தில் எடுங்கள். தேய்ந்த கல்லில் அந்த மென்பொருள் இல்லாத கோட்டை இருப்பதுபோல் காட்டிவிடும். பிறகு அந்தக் கோட்டை வைத்து ஓர் அரசன் பெயரே பிறந்துவிடும்.

கையால் செய்யக் கூடாதவை சில. சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் எழுத்தில் தேய்க்காதீர்கள். எழுத்து அப்போதைக்குப் பளிச்சென்று தெரியும், தேய்த்த தடம் கல்லில் தங்கிவிடும். கம்பி பிரஷ், கத்தி, ஆசிட் பக்கமே போகக் கூடாது. பாசி இருந்தால் பாசியோடு படம் எடுத்துக் குறிப்பெழுதுங்கள். மைப்படி எடுப்பது இன்னொரு கலை: கல்லைத் தண்ணீரால் கழுவி, நனைத்த மேப்லித்தோ தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக்குழிக்குள் இறக்கி, ஈரம் பக்குவமாக வற்றியதும் மை தொட்ட உருண்டையால் ஒற்றி எடுப்பார்கள். ஈரம் கூடினால் மை ஊறிக் கல்லில் கறை படியும், குறைந்தால் தாள் உரிந்துவரும். அதைப் பயின்றவர்கள் அனுமதியோடு செய்யட்டும். நமக்குக் கேமரா போதும். அதற்கும் அறநிலையத் துறைக் கோயிலானால் செயல் அலுவலரிடமும் குருக்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அளவு நாடாவை வெளியே எடுத்ததும் பூக்கடை அம்மா, “என்ன தம்பி, இடம் அளக்க வந்திருக்கீங்களா? ரோடு போடப் போறாங்களா?” என்று கேட்பார். சாலைக்கு நிலம் போன ஊர்களில் அந்தக் கேள்விக்குப் பின்னால் பயம் இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு, “இல்லம்மா, கல்லுல எழுதியிருக்கிறதைப் படம் எடுக்கிறோம்” என்று சொல்லி, இரண்டு வரி படித்தும் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

பொன்னா, போனதா

எழுத்து தெரிய ஆரம்பித்த பிறகுதான் உண்மையான ஓய்வு தொடங்குகிறது. சோழர் காலத் தமிழில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே கல்லில் ‘பொன’ என்று இருந்தால் அது பொன்னாகவும் இருக்கலாம், ‘போன’ என்றும் இருக்கலாம். முன்னும் பின்னும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘ர’வும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எண்கள் இன்னும் மோசம். ஒன்று ‘க’ போல, இரண்டு ‘உ’ போல, எட்டு ‘அ’ போல, பத்து ‘ய’ போல. புதிதாகப் படிப்பவர் ௯௰௬ என்பதை ஏதோ ஒரு சொல் என்று நினைத்து அரைமணி திண்டாடுவார். ஒன்பது பத்து ஆறு, அதாவது தொண்ணூற்றாறு என்று பிடிபட்டதும், அடுத்த சொல் ஆடாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். 90 அல்லது 96 ஆடு என்பது ஒரு நொந்தா விளக்கின், அதாவது அணையாமல் எரியும் விளக்கின், விலை.

அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விளக்கு வைக்க நினைத்தவர் கோயிலுக்குப் பணம் தரவில்லை, ஆடு தந்தார். ஆடுகள் இடையரிடம் போயின. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது கால் நாழி, கோயிலுக்கு அளந்தால் போதும். கிழடானதும் செத்ததும் போகக் குட்டிகள் மந்தையை நிரப்பிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை மாறாது. அதனால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்கட்டும் என்று கல்வெட்டு முடியும். உழைப்பு யாருடையது, விளைச்சல் எவ்வளவு, தேய்மானத்தை எது ஈடுகட்டும் என்று எல்லாவற்றையும் நாலு வரியில் அடக்கிவிட்டார்கள்.

ஆண்டு கண்டுபிடிப்பதும் அப்படியொரு நிதானமான வேலை. கல்வெட்டு ‘திருமகள் போல’ என்று தொடங்கினால் முதலாம் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் முதலாம் ராஜேந்திரன். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. யாண்டு 23, அதாவது 23ஆம் ஆட்சியாண்டு, என்று இருந்தால் 985உடன் 22 கூட்டி 1007 அல்லது அதையொட்டிய ஆண்டு. அரசனைப் புகழும் இந்தத் தொடக்க வரிகளுக்கு மெய்க்கீர்த்தி என்று பெயர். அது இல்லாமல் வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படக் கூடாது. ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை சோழர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். எந்தப் பரகேசரி என்பதை எழுத்தமைதியை வைத்து அறிஞர்கள் சொல்லட்டும். நம் குறிப்பில் ‘பரகேசரி, யாண்டு 7’ என்று இருந்தாலே போதும். சிதைந்த எழுத்தை ஊகித்துப் படித்தால் பகர அடைப்புக்குள் போடுவது, முற்றிலும் போன எழுத்துக்குப் புள்ளிகள் இடுவது என்ற மரபை முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாதது என்று குறித்து வைத்துவிட்டு எழுந்து வர முடிகிற வேலை இது. வாரநாட்களில் அந்தச் சலுகை நமக்குக் கிடையாது. தலை ஆறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில சமயம் வரி திடீரென்று அறுந்து, அடுத்த கல்லில் சம்பந்தமே இல்லாத ஒன்று ஓடும். படிப்பவர் தப்பில்லை. கல்வெட்டு, கோயில் அடித்தளத்தின் அடுக்குகளான ஜகதியிலும் குமுதத்திலும் பட்டிகையிலும் கல் கல்லாகத் தாண்டி, மூலை திரும்பியும் ஓடும். திருப்பணியில் கல்லைக் கழற்றி மறுபடி அடுக்கியவர்கள் வரிசை மாற்றி வைத்திருந்தால் சொற்றொடர் துண்டாகிவிடும். தலைகீழாகப் பதித்த கல்லும் உண்டு, படிக்கட்டானதும் உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுத் திசையோடு குறித்தால்தான் பின்னால் யாராவது உட்கார்ந்து அதைச் சேர்க்க முடியும்.

உத்திரமேரூரில் எழுதியிருப்பது

இதுவரை சொன்னதெல்லாம் இனிமையாக இருக்கும். ஆறு மாதம் கழித்து என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 200 பேர் சேர்ந்திருப்பார்கள், சுவருக்கு வருவது ஒன்பது பேர். அந்த ஒன்பதில் எக்செல் நன்றாகத் தெரிந்த ஒருவர் தலையில் எல்லாம் விழும். முதல் சுவரை முடிப்பதற்கு முன்பே ஒருவர் செயலி கட்டக் கிளம்புவார். மாதத்துக்கு இத்தனை கோயில் என்று இலக்கு வரும், டாஷ்போர்டு வரும், “சார், போன வார அப்டேட் இன்னும் வரலையே” என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தி வரும். ஓய்வுக்காகத் தொடங்கியது இரண்டாவது அலுவலகமாகிவிடும். பிறகு அந்த எக்செல் தெரிந்தவர் ஒருநாள் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறுவார். படங்கள் அவருடைய கணினியிலேயே தங்கிவிடும். ஏரி தூர்வாரும் குழு, மரம் நடும் குழு, இரத்ததானக் குழு என்று எந்தத் தன்னார்வக் குழுவைப் பார்த்தாலும் கதை இதேதான். நல்ல மனம் குறைந்ததால் இப்படி ஆகிறது என்று நெடுநாள் நம்பிவந்தோம்.

அந்த நம்பிக்கையை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் மாற்றிவிடுகிறது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் ‘குடவோலை முறை, பண்டைய மக்களாட்சி’ என்று ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்ததோடு சரி. முழுதும் படித்தால் அது வேலைப் பங்கீட்டின் விதிப்புத்தகமாக இருக்கிறது. ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது வட்டங்களிலிருந்து, குடத்தில் ஓலை எடுத்து 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பணிக்காலம் 360 நாள். குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடக் கூடாது. ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன்.

இவற்றின் நடுவே ஒரு நிபந்தனை: கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரும் குடத்தில் சேராது. ஒரு வருடம் வேலை, பிறகு மூன்று வருடம் அந்தப் பக்கம் வராதே. அதிகாரம் ஒரே கையில் தங்கிவிடாமலிருக்க எழுதிய விதிதான் இது, ஓய்வுக்காக எழுதியதில்லை. ஆனால் இரண்டுக்கும் அதே விதி உதவுகிறது என்பது களைத்துப்போய் அந்தச் சுவர் முன்னால் நிற்பவருக்குப் புரியும். தன்னார்வக் குழு உடைவது மனம் குறைந்ததால் இல்லை, இறங்கிக்கொள்ள வழி வைக்காததால். எத்தனை நாள், யாரிடம் ஒப்படைப்பது, எந்தக் கணக்கைக் காட்டிவிட்டுப் போவது என்று முதல் நாளே எழுதியிருந்தால் எக்செல் தெரிந்தவர் சத்தமில்லாமல் போயிருக்க வேண்டாம், தலை நிமிர்ந்தே போயிருக்கலாம்.

அந்தச் சபை யாருடையது என்பதையும் மறைக்கக் கூடாது. அது பிராமணர் ஊர்ச் சபை. வரி கட்டும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டும். பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் வரி நீங்கிய நிலங்களின் பட்டியலிலேயே ‘தீண்டாச்சேரி’ என்ற சொல் வருகிறது. உள்ளூர் வரலாற்றில் இறங்கும் தன்னார்வலர் பெருமைக்குரிய வரியை மட்டும் படம் எடுத்துப் போட்டால் அது பாதிப் பதிவு. வேலைப் பங்கீட்டு விதியை எடுத்துக்கொள்ளலாம், குடத்தைத்தான் எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும்.

நடைமுறையில் அது இப்படி இருக்கும்: ஒருவருக்கு மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ஒரு சுவர். ஒருங்கிணைப்பாளருக்கு ஓராண்டு, அதன்பின் மூன்றாண்டு அவர் அந்தப் பொறுப்பில் இல்லை, விரும்பினால் டார்ச் பிடிக்க வரலாம். அடுத்த ஒருங்கிணைப்பாளரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், தேர்தல் வேண்டாம். செயலியும் வேண்டாம். ஒரே தாளில் பத்துக் கட்டங்கள் போதும்: ஊர், கோயில், சுவரின் திசை, அடுக்கின் பெயர், கல் எண், வரிகளின் எண்ணிக்கை, வெளியான நூலில் அதன் எண், இன்றைய நிலை, பார்த்த நாள், பட எண்கள். அன்றைய பதிவை அன்றே, காப்பி குடித்துக்கொண்டே அரைமணியில் முடித்துவிட வேண்டும். ‘அப்புறம் வீட்டுக்குப் போய்’ என்று வைத்தால் அது ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். படங்கள் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒப்பிட வேண்டிய பழைய நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரியே அந்தச் சுவருக்குரிய பக்கத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

வயல்வெளியிலோ ஏரிக்கரையிலோ காவலில்லாமல் கிடக்கும் நடுகல்லையும் சிற்பத்தையும் பார்த்தால் இடக்குறியீட்டோடு பொதுவில் போடாதீர்கள். சிலை திருடுபவர்களும் புதையல் தோண்டுபவர்களும் அதைப் படிக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமும் எழுத்தில் தெரிவியுங்கள். மண்ணுக்குள்ளிருந்து எதுவும் வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஏரி உடைந்த செய்தி

மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சோமங்கலம் கல்வெட்டு ஒன்று, பெருமழையில் ஊர் ஏரி உடைந்ததையும், ஒருவர் உடைப்புகளை அடைத்துக் கொடுத்ததையும், அதோடு விடாமல் ஆண்டுதோறும் ஏரியைப் பராமரிக்கக் காசு முதலாக வைத்ததையும் சொல்கிறது. சோமங்கலம் அடையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அதே ஆற்றுப் படுகையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை தண்ணீர் ஏறியது. அங்கே வீடு வாங்கியிருந்தவர்களில் மென்பொருள் ஊழியர்கள் நிறையப் பேர். மனை வாங்கும்போது வங்கிக்காக 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தோம், கோயில் சுவரில் இருந்த வில்லங்கத்தைப் பார்க்கவில்லை. உடைப்பை அடைத்தவர் அத்தோடு கைகழுவாமல் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் காசு வைத்தார் என்பதைத்தான் ஏரி தூர்வாரும் குழுக்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கரையை ஒருநாள் பலப்படுத்திப் படம் எடுத்துக்கொள்வதற்கு ஆள் கிடைக்கும். மூன்றாம் ஆண்டு மழைக்கு முன் மதகையும் உபரிநீர் வழியும் கலங்கலையும் போய்ப் பார்க்கத்தான் ஆள் இருக்காது.

இந்த வேலையில் அவசரம் இல்லைதான், ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். அதற்கு முன் திருப்பணி. வெள்ளத்திலும் வெயிலிலும் போகாத எழுத்து பெரும்பாலும் அந்தத் திருப்பணியில்தான் போகிறது. மணலைப் பீய்ச்சிக் கல்லைப் ‘புதுசாக்குகிறார்கள்’, அடித்தளமான அதிட்டானத்தின் மேல் எனாமல் பெயின்ட் ஏறுகிறது, பிராகாரத்தில் கிரானைட் பதித்துத் தரையை ஓரடி உயர்த்தும்போது கீழ் வரிகள் மண்ணுக்குள் போகின்றன, இணைப்பில் சிமென்ட் வழிகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, உபயதாரர் பக்தியோடுதான் பணம் தருகிறார். ஆனால் வேலை தொடங்கிய பிறகு போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை. திருப்பணிக்கு முன் பாலாலயம் நடக்கும், மூலவரின் சக்தியைக் கலசத்திலோ அத்திப்பலகையிலோ ஏற்றி வேறிடத்தில் வைப்பார்கள். அந்த நாளுக்கு முன்பே எல்லாச் சுவரும் பதிவாகியிருக்க வேண்டும். எந்த வரிக்கு மேல் பெயின்ட் கூடாது, எந்த மூலையில் தரையை உயர்த்தக் கூடாது என்று படத்தோடு ஒரு பக்கக் கடிதம் செயல் அலுவலரிடமும் உபயதாரரிடமும் ஸ்தபதியிடமும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்தபதிகள் பெரும்பாலும் காது கொடுப்பார்கள், கல்லின் அருமை அவர்களுக்குத் தெரியும். ஆகவே அடுத்த சனிக்கிழமை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது டார்ச்சை எடுப்பதற்கு முன்னால் குருக்களிடம் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: “சாமி, இங்கே பாலாலயம் எப்போ?”